படகை இறக்குமுன் நீரை அறிவோம்

நம் நாட்டின் நீர்நிலைகளை முழுமையாகக் கணக்கெடுக்கும் முதல் முயற்சியின் முடிவுகளை மத்திய ஜல் சக்தி அமைச்சகம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நாடெங்கும் 24,24,540 நீர்நிலைகள் உள்ளன என்றும், அவற்றுள் 97.1 சதவீதம் கிராமப்புறங்களில் அமைந்துள்ளன என்றும் அக்கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. குளங்களின் எண்ணிக்கையில் மேற்கு வங்கமும், ஏரிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடும் முதலிடம் வகிக்கின்றன. ஓடும் நீராகிய ஆறுகளும் கால்வாய்களும் இக்கணக்கில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்து நோக்கினால், ஏதேனும் ஒரு நீர்நிலையின் அருகில் வாழாத இந்தியர் சிலரே எனலாம்.

இத்தகைய நாட்டில் கயாக், கனோ ஆகிய துடுப்புப் படகு விளையாட்டுகள் இன்னும் சில இடங்களுக்குள்ளேயே அடங்கியுள்ளன. இந்திய கயாக்கிங் மற்றும் கனோயிங் சங்கம் 1985-இல் தோன்றியது. 1994-இல் ஹிரோஷிமாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருவர் கனோ பிரிவில் இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. அடுத்த பதக்கம் 2023 அக்டோபரில் ஹாங்சோ நகரில்தான் கிட்டியது. 1,000 மீட்டர் இருவர் கனோவில் அதை வென்ற அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் ஆகியோருள் பின்னவர் மணிப்பூரின் லோக்டாக் ஏரிப் பகுதியைச் சேர்ந்தவர். ஊருக்கு அருகிலுள்ள நீரே முதல் பயிற்சிக்களமாக அமைய முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மறுபுறம், நீரில் மூழ்கி இறப்போர் எண்ணிக்கை நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 38,000 ஆகும். மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் இதற்கென ஒரு தடுப்புச் செயல்திட்டத்தை வெளியிட்டது. எனவே, பிள்ளைகளை நீருக்குள் அனுப்பப் பெற்றோர் தயங்குவதும், அனுமதி தர அதிகாரிகள் தயங்குவதும் இயல்பே. ஆயினும் தடை விதிப்பதால் மட்டும் இளைஞர்கள் நீரை நாடாமல் இருப்பதில்லை. தகுதியற்ற இடத்தில், தகுதியற்ற வேளையில், காப்பு ஏதுமின்றி இறங்குகின்றனர். அருகிலுள்ள நீர்நிலைகளுள் படகு விடத் தக்கதை எவ்வாறு கண்டறிவது என்பதை மாணவர்களும் அதிகாரிகளும் முறையாக அறிந்துகொள்வது இதனால் தேவையாகிறது. அம்முறையின் அடிப்படை விதி ஒன்றே: எந்த நீர்நிலையும் எந்நேரமும் பாதுகாப்பானது அன்று. இடத்தைத் தேர்வு செய்பவர் அதற்குரிய மாதத்தையும் மணியையும் சேர்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

இரு படகுகள்

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள், சட்டத்தின் மீது கடல்நாயின் தோலைப் போர்த்தி வேட்டைக்கென அமைத்த படகு. அதில் கால்களை முன்னே நீட்டி அமர்ந்து, இரு முனைகளிலும் அலகுள்ள துடுப்பால் வலமும் இடமும் மாறி மாறி வலிக்க வேண்டும். கனோ வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் படகு. பந்தயக் கனோவில் ஒரு காலை மண்டியிட்டு, ஒற்றை அலகுத் துடுப்பால் வலிப்பர். இரண்டிலும் வலிப்பவர் முன்னோக்கியே செல்கிறார். கேரளத்தின் வள்ளம், வங்கத்தின் டோங்கா, காவிரியின் பரிசல், காஷ்மீரின் ஷிகாரா ஆகியவற்றைக் கையாண்டு பழகிய நம் மக்களுக்குத் துடுப்பு புதியதன்று.

இவ்விரு படகுகளும் எடை குறைந்தவை, சிறிதளவு நீரிலும் மிதப்பவை, எளிதில் கவிழ்பவை. கவிழ்தல் இங்கு விபத்தாகக் கருதப்படுவதில்லை. பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. ஆகவே, ஒரு நீர்நிலையைப் பார்க்கும்போது "இங்குப் படகு மிதக்குமா?" என்று கேட்பது பயனற்றது. "இங்குக் கவிழ்ந்தவர் எங்குப் போய்ச் சேர்வார்? அங்கிருந்து அவர் கரையேற முடியுமா?" என்பதே கேட்க வேண்டிய வினா.

நீர்நிலைகளின் வகை

முதல் வகை, ஏரிகளும் குளங்களும். நீரோட்டம் இல்லாமையால் தொடக்கநிலைப் பயிற்சிக்கு இவை ஏற்றவை. போபால் நகரம் இதற்குத் தக்க சான்று. அங்குள்ள பெரிய ஏரி 11-ஆம் நூற்றாண்டில் போஜ மன்னரால் கோலான்ஸ் ஆற்றின் குறுக்கே கரையெழுப்பி உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 31 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதனை ஒட்டியுள்ள சிறிய ஏரி 1794-இல் அமைக்கப்பட்டது. தேசியக் கயாக், கனோ போட்டிகள் பலமுறை சிறிய ஏரியில் நடைபெற்றுள்ளன. பரந்த நீர்ப்பரப்பில் காற்று நெடுந்தொலைவு தடையின்றி வீசி அலை எழுப்பும் என்பதால், பரப்பில் சிறிய ஏரியே பல வேளைகளில் பழகுவதற்கு ஏற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான கனோ விளையாட்டில் டோக்கியோ பாராலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியரான பிராச்சி யாதவ் போபாலில் பயிற்சி பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் வகை, அணைகளின் நீர்த்தேக்கங்கள். இமாசலப் பிரதேசத்தின் போங் நீர்த்தேக்கத்தில், மணாலியிலுள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் நீர் விளையாட்டு மையம் இயங்கி வருகிறது. நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் பருவத்திற்கேற்பப் பல மீட்டர் ஏறி இறங்கும். சென்ற மாதம் இறங்கிய கரை இந்த மாதம் சேறாக இருக்கலாம்; மூழ்கிய மரங்கள் நீர்மட்டத்தை ஒட்டி மறைந்திருக்கலாம். மதகுகளுக்கும் உபரிநீர்ப் போக்கிக்கும் அருகே செல்லவே கூடாது.

மூன்றாம் வகை, கடலோடு தொடர்புடைய காயல்களும் கழிமுகங்களும். கொல்லம் மாவட்டத்தில், கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலைச் சேருமிடத்திலுள்ள மன்றோ தீவு இன்று கயாக் பயணத்திற்குப் பெயர் பெற்றுள்ளது. தமிழ்நாட்டின் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் படகோட்டிகள் துடுப்பு வலித்துப் பயணிகளை அழைத்துச் செல்கின்றனர். இத்தகைய குறுகிய கால்வாய்கள் அலையின்றி இருப்பினும் ஓதத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை.

நான்காம் வகை, சமவெளியில் ஓடும் ஆறுகள். ஐந்தாம் வகை, பாறைகளிடையே நுரைத்தோடும் வேகநீர் ஆறுகள். வேகநீரை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் அளவுகோல் ஒன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. முதல் தரம் சிற்றலைகளுடன் தடையின்றி ஓடும் நீர். ஆறாம் தரம் தேர்ந்த வல்லுநருக்கும் உயிருக்கு இடரானது. ரிஷிகேசத்திற்கு மேலே கங்கையில் பல தரத்து வேகநீர்ப் பகுதிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இத்தரம் ஓர் இடத்திற்கு நிலையானதன்று. நீர்மட்டம் ஏற ஏற அதே பகுதியின் தரமும் மாறும். வேகநீர்ப் பயிற்சியைத் தகுதி பெற்ற ஆசிரியரின்றித் தொடங்குதல் கூடாது.

நீரின் வேளையை ஆளும் காரணிகள்

2014 ஜூன் 8 அன்று மாலை, இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் தலோட் என்னுமிடத்தில், ஐதராபாத்திலிருந்து கல்விச் சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தனர். மேலே லார்ஜி நீர்மின் திட்டத்தின் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் திடீரென உயர்ந்து வந்து 24 மாணவர்களையும் ஒரு சுற்றுலா வழிகாட்டியையும் அடித்துச் சென்றது. அவர்கள் கண்ட ஆறு சிறிது நேரத்திற்கு முன்வரை அமைதியாகவே இருந்தது. அவர்கள் தேர்ந்த இடத்தைப் பற்றி மட்டும் பேசினால் இந்நிகழ்ச்சியின் பாடம் முழுமை பெறாது. அணைக்குக் கீழே இருக்கும் ஆற்றின் நேரம் வேறோர் இடத்தில் முடிவு செய்யப்படுகிறது என்பதே அப்பாடம்.

இந்தியாவில் 5,000-க்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. மின்தேவை மிகும் வேளைகளில் நீர்மின் நிலையங்கள் கூடுதலாக நீரை வெளியிடுவது இயல்பு. வினாடிக்கு 10,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். ஒரு கனஅடி 28.3 லிட்டர், எனவே அது வினாடிக்கு 2,83,000 லிட்டர், அதாவது 283 டன் எடையுள்ள நீர். வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் இது நிகழும். ஆகவே, ஆற்றில் படகு விடுபவர் மேற்புறத்தில் எத்தனை அணைகளும் கதவணைகளும் உள்ளன, நீர் திறக்கும் பொறுப்பு யாருடையது, சங்கொலி எழுப்பப்படுமா ஆகியவற்றை முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது காரணி வானிலை. 2022 மே மாதம் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரியில் படகுப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த பள்ளி மாணவர் இருவர், திடீரென வீசிய கோடைப்புயலில் படகு கவிழ்ந்து உயிரிழந்தனர். அது நகரின் நடுவேயுள்ள செயற்கை ஏரி; நீரோட்டம் இல்லாதது; பல காலமாகப் படகுப் பயிற்சி நடைபெறும் இடம். கிழக்கு இந்தியாவில் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலுக்குப் பின் எழும் இக்கோடைப்புயல்களை மக்கள் கால்பைசாகி என்று அழைக்கின்றனர். இப்பருவத்தில் காலைப் பொழுதே பயிற்சிக்கு உரியது. மின்னலைக் கண்டபின் 30 வினாடிக்குள் இடியோசை கேட்டால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் உள்ளது என்பது பொருள். உடனே கரையேறி, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

பருவமழையும் வானிலையின் பகுதியே. நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் சாலிப்புழை, இருவஞ்ஞிப்புழை ஆறுகளில் நடைபெறும் மலபார் ஆற்றுத் திருவிழாவுக்கு இம்மழைக்காலமே உரிய பருவம். வல்லுநர்களான வீரர்கள், மீட்புக் குழுவினர் கரையில் நிற்க, அவ்வேகநீரில் இறங்குகின்றனர். அதே மாதங்களில் ரிஷிகேசத்தின் வேகநீர்ப் பயணங்கள் நிறுத்தப்படுகின்றன. ஓர் ஆற்றின் பருவம் மற்றோர் ஆற்றுக்குப் பொருந்தாது என்பதை இவ்விரு இடங்களும் காட்டுகின்றன.

மூன்றாவது காரணி பனியுருகல். இமயமலையின் பனியாறுகளிலிருந்து பிறக்கும் ஆறுகளில் கோடைக்காலத்தில் பகல் வெப்பத்தால் உருகிய நீர் பிற்பகலிலும் மாலையிலும் வந்து சேரும். காலையில் நடந்து கடந்த ஓடையை மாலையில் கடக்க இயலாமற்போவது மலைவாழ் மக்கள் நன்கு அறிந்ததே. அந்நீரின் குளிர்ச்சி மற்றோர் இடர். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்துவிடுவதால், நன்கு நீந்தத் தெரிந்தவரின் கைகால்களும் சில நிமிடங்களில் செயலிழக்கும்.

நான்காவது காரணி ஓதம். பெரும்பாலான இடங்களில் ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் செல்கிறது. ஆதலால் ஓதத்தின் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. கேரளக் கரையில் உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் உள்ள வேறுபாடு குறைவு. ஆயினும் உயர் ஓதத்தில் தாழ்ந்த பாலங்களின் அடியில் செல்ல இடமிராது. தாழ் ஓதத்தில் படகு சேற்றில் சிக்கும். நீர் வடியும் வேளையில் முகத்துவாரத்தை ஒட்டியுள்ள படகைக் கடல் தன்பால் இழுக்கும். காம்பே வளைகுடாவில் ஓதத்தின் உயர வேறுபாடு 10 மீட்டரையும் தாண்டுவதால், அங்குள்ள ஆற்று முகங்கள் பயிற்சிக்கு ஒவ்வாதவை. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்தே காயல் பயணத்தின் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

தேடும் முறை

முதலாவதாக, நிலப்படத்தைக் காண வேண்டும். 1767-இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவிலான நிலப்படங்களில் ஆறுகள், ஏரிகள், அணைகள், பாலங்கள், பாதைகள் அனைத்தும் குறிக்கப்பட்டுள்ளன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புவன் இணையத் தளத்தில் செயற்கைக்கோள் படங்களைக் காணலாம். இவற்றின் உதவியால் வீட்டிலிருந்து 10 அல்லது 20 கிலோமீட்டருக்குள் உள்ள நீர்நிலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் மேற்புறமும் கீழ்ப்புறமும் உள்ள கட்டுமானங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, நீர்மட்டத்தை அறிய வேண்டும். மத்திய நீர்வள ஆணையம் 1958-இல் தில்லியில் யமுனையின் வெள்ளத்தை முன்னறிவிக்கும் பணியைத் தொடங்கியது. இன்று அதன் செய்திகள் நாட்டின் முக்கிய ஆறுகள் பலவற்றுக்கும் கிடைக்கின்றன; 2023-இல் கைப்பேசிச் செயலி ஒன்றும் வெளியிடப்பட்டது. ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தில்லிப் பழைய ரயில் பாலத்தில் யமுனையின் அபாய அளவு 205.33 மீட்டர் ஆகும். 2023 ஜூலையில் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. இத்தகைய அளவுகள் கரையோரக் குடியிருப்புகளின் பாதுகாப்பைக் கருதி வகுக்கப்பட்டவை. எச்சரிக்கை அளவுக்கு வெகு கீழே நீர் இருக்கும்போதே ஆறு சிறு படகுக்கு ஒவ்வாத வேகத்தை அடைந்துவிடும். அளவு குறைவாக உள்ளதென்பது படகு விட அனுமதி ஆகாது.

மூன்றாவதாக, கரையோர மக்களிடம் கேட்க வேண்டும். மீனவர், படகோட்டி, சலவைத் தொழிலாளர், மதகுக் காவலர் ஆகியோர் நிலப்படத்தில் இல்லாத செய்திகளை அறிவர். எங்கு மணல் அள்ளிய குழி உள்ளது, எங்கு வலை விரிக்கப்படுகிறது, எவ்விடத்தில் முன்னர் உயிரிழப்பு நேர்ந்தது என்பனவற்றை அவர்களே கூற இயலும். குறைந்தது மூவரிடம் தனித்தனியே கேட்டு, ஒத்துவரும் செய்திகளைக் குறித்துக்கொள்வது நலம்.

நான்காவதாக, கரை நெடுக நடக்க வேண்டும். செல்லவிருக்கும் தொலைவு முழுவதையும் முதலில் கால்நடையாகக் காண்பதற்கு மாற்று இல்லை. இறங்கும் இடம், ஏறும் இடம், இடையில் தேவைப்பட்டால் ஒதுங்கும் இடம் ஆகிய மூன்றையும் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏற வழியில்லாத செங்குத்துக் கரையுடைய ஆறு எவ்வளவு அமைதியாக இருப்பினும் தவிர்க்கப்பட வேண்டியதே.

ஐந்தாவதாக, நீரோட்டத்தை அளக்க வேண்டும். கரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரு குச்சிகளை நட்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை நடு ஓட்டத்தில் எறிந்து, அது கடக்கும் நேரத்தை எண்ணுக. 10 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 1 மீட்டர். அதாவது மணிக்கு 3.6 கிலோமீட்டர். புதிதாகப் பழகுபவர் அசையா நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். இவ்வோட்டத்தில் அவர் கீழ்நோக்கி 1 கிலோமீட்டரை 8 நிமிடத்தில் கடந்துவிடுவார். திரும்பி மேல்நோக்கி வரும்போது அவருடைய வேகம் மணிக்கு 0.4 கிலோமீட்டரே, அதே தொலைவுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். மட்டை 20 வினாடி எடுத்துக்கொண்டால், திரும்பிவர 27 நிமிடம் போதும். எனவே, 20 வினாடிக்குக் குறைவாகக் கடக்கும் ஓட்டத்தில் தொடக்கநிலையினர் இறங்கலாகாது என்று கொள்வது தகும். மெல்லோட்டத்திலும் முதலில் எதிர்நீரில் சென்று, களைத்தபின் ஓட்டத்தோடு திரும்புவதே முறை. ஏரியில் காற்றுக்கும் இதே விதி பொருந்தும். மேலும், ஓட்டத்தின் வேகம் இருமடங்கானால் அது உடலின்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது என்பதையும் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத இடர்கள்

இவற்றுள் முதலாவது தடுப்பணை. மேற்புறத்திலிருந்து பார்க்கும்போது தெரிவது ஒரு நேர்க்கோடு மட்டுமே, ஓசையும் குறைவு. ஆனால் கீழே விழும் நீர் தன்மீதே சுருண்டு, சிக்கிய பொருளை மீண்டும் மீண்டும் அணையடிக்கே இழுக்கிறது. ஓர் ஆள் உயரமேயுள்ள தடுப்பணையும் உயிரைக் குடிக்கும். தடுப்பணைக்கு வெகுமுன்பே கரையேறிப் படகைச் சுமந்து சென்று, சுழலுக்கு அப்பால் இறக்க வேண்டும்.

இரண்டாவது, நீரில் சாய்ந்த மரங்களும் முட்புதர்களும். நீர் கிளைகளின் ஊடே புகுந்து செல்லும். மனிதர் செல்ல முடியாமல் அழுத்தப்படுவார். பாலத் தூண்களில் சேர்ந்த குப்பையும் இத்தகையதே. மூன்றாவது, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகள், கைவிடப்பட்ட வலைகள், ஆகாயத்தாமரை மண்டிய பகுதிகள். நான்காவது, வனவிலங்குகள். சம்பல் ஆற்றிலும், வடோதரா நகரின் வழியே ஓடும் விசுவாமித்திரி ஆற்றிலும் முதலைகள் வாழ்கின்றன. ஒடிசாவின் பிதர்கனிகாவில் உவர்நீர் முதலைகள் உள்ளன.

ஐந்தாவது இடர் மாசு. 2022-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 279 ஆறுகளில் மாசடைந்த 311 பகுதிகளை அடையாளம் கண்டது. திறந்தவெளிக் குளியலுக்கு ஏற்ற நீரில் 100 மில்லிலிட்டருக்குக் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 500-க்கு மிகாமலும், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். கவிழ்வது உறுதியான விளையாட்டில், குளிக்கத் தகாத நீர் படகுக்கும் தகாது. வெள்ளத்திற்குப் பின் எலிக்காய்ச்சல் பரவும் வாய்ப்பு மிகுவதால், உடலில் திறந்த புண் உள்ளவர் அந்நாட்களில் நீரில் இறங்காதிருப்பது நன்று.

யாரிடம் அனுமதி பெறுவது?

அரசியலமைப்புச் சட்டத்தின்படி நீர் மாநிலப் பட்டியலில் இடம்பெறுகிறது. நடைமுறையில் ஒரே ஏரியின் மதகு நீர்வளத் துறையிடமும், மீன்பிடி உரிமை கூட்டுறவுச் சங்கத்திடமும், கரை ஊராட்சியிடமும் இருக்கலாம். ஊராட்சியோ நகராட்சியோ, நீர்வளத் துறையோ, வனத் துறையோ என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சரணாலயங்களில் நுழைய 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவை. போங் நீர்த்தேக்கம் போன்ற இடங்களில் வலசைப் பறவைகள் தங்கும் குளிர்காலத்தில் அவற்றினின்று விலகியே செல்ல வேண்டும். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரமில்லாப் படகுகளை ஒழுங்குபடுத்தவும் வழி செய்துள்ளது. போபாலின் பெரிய ஏரியில் இயந்திரப் படகுகளுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2023-இல் தடை விதித்தது. குடிநீர் ஏரிகளில் புகையும் எண்ணெயும் கலக்காத துடுப்புப் படகின் பயனை அதிகாரிகள் கருத்தில் கொள்ளலாம்.

காப்பு முறைகள்

2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். மிகையாக ஆட்களை ஏற்றியதும், பலருக்கு உயிர்காப்பு அங்கி அளிக்கப்படாததும் அப்போது வெளிப்பட்டன. நீந்தத் தெரிந்தவர், ஆழமில்லாத இடம், சிறிது தூரம் என்ற எக்காரணம் கொண்டும் அங்கியை விலக்கலாகாது. அங்கி உடலோடு பொருந்த வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது முகவாய்க்கு மேல் ஏறாதிருக்க வேண்டும். வேகநீரில் தலைக்கவசமும் கட்டாயம்.

தனியே எவரும் செல்லலாகாது. மூன்று படகுகள் சேர்ந்து செல்வதே குறைந்த அளவு. புறப்படும் நேரம், திரும்பும் நேரம், செல்லும் வழி ஆகியவற்றைக் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏரியில் கவிழ்ந்தவர் படகைப் பற்றியபடியே இருத்தல் நலம். கரை காண்பதைவிடத் தொலைவில் இருக்கும். ஓட்டத்தில் விழுந்தவர் மல்லாந்து, கால்கள் ஓட்டத்தின் திசையில் முன்னிருக்க மிதந்து செல்ல வேண்டும். எழுந்து நிற்க முயன்றால் பாறையிடுக்கில் பாதம் சிக்கும். மூழ்குபவருக்கு உதவக் கழியை நீட்டுதல், கயிற்றை எறிதல் ஆகியனவே முதற்கடமை. பயிற்சியற்றவர் நீரில் குதித்தால் உயிரிழப்பு இரண்டாகும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். உயிர்காப்புப் பயிற்சியைக் கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் அளித்து வருகிறது.

மாவட்ட நீர்ப் பதிவேடு

2025 ஆகஸ்டில் ஸ்ரீநகரின் தால் ஏரியில் முதலாவது கேலோ இந்தியா நீர் விளையாட்டு விழா நடைபெற்றது. இத்தகைய விழாக்களின் பயன் ஊர்தோறும் சென்றடைய வேண்டுமானால், ஒவ்வொரு மாவட்டமும் தன் நீர்நிலைகளுக்கு ஒரு பதிவேடு தயாரித்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஒரு பக்கம் போதும். அதில் இடம்பெற வேண்டியவை:

1. நீர்நிலையின் பெயர், வகை, பொறுப்பிலுள்ள துறை.
2. படகு விடத் தக்க மாதங்களும், அம்மாதங்களில் தக்க வேளையும்.
3. மேற்புறத்துள்ள அணைகள், நீர் திறப்போர், அறிவிப்பு வந்துசேரும் வழி.
4. இறங்கும், ஏறும், ஒதுங்கும் இடங்கள்.
5. தடுப்பணை, குழி, மின்கம்பி, முதலை முதலிய இடர்கள்.
6. நீரின் தூய்மை குறித்த கடைசிச் சோதனையும் அதன் தேதியும்.
7. அருகிலுள்ள மருத்துவமனையும் மீட்பு உதவி பெறும் வழியும்.

கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கரையில் நடந்து தகவல் திரட்டலாம். நீர்வளத் துறைப் பொறியாளர் சரிபார்க்கலாம். பேரிடர் மேலாண்மைப் பிரிவு ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்னும் பின்னும், திருத்தலாம். கரையோர மீனவ இளைஞர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி அளித்தால் அவர்களுக்கு வருவாயும், பயில்வோருக்குக் காவலும் ஒருங்கே கிட்டும்.

பதிவேடு அலுவலகத்தில் உறங்கிவிடலாகாது. அதன் இரண்டாம், மூன்றாம் பத்திகளை உள்ளூர் மொழியில் எழுதி, படகு இறங்கும் கரையிலேயே பலகையாக நிறுத்த வேண்டும். "ஆபத்து, இறங்காதே" என்னும் பலகைகள் நம் நீர்நிலைகளில் பல உள்ளன. அவற்றைப் படித்தும் மக்கள் இறங்குகின்றனர். எந்த மாதத்தில், எத்தனை மணிக்குள், யாரைக் கேட்டு இறங்கலாம் என்றும், எப்போது மேலேயிருந்து நீர் வரும் என்றும் கூறும் பலகையே அவர்களுக்குப் பயன் தரும். பியாஸ் கரையில் அந்த மாலையில் தேவைப்பட்டது அத்தகைய ஒரு செய்திதான்.